களஞ்சியத்துக்கு ஓர் ஒப்புநோக்குபவர்

ஈய எழுத்துக் கோத்த காலத்தில், கோத்த பக்கம் நேரே அச்சேறியதில்லை. மையொற்றி ஒரு படி எடுப்பர். ஒப்புநோக்குபவர் அதனைக் கூர்ந்து பார்த்துப் பிழை குறிப்பர். திருத்திய பின்னரே பொறி சுழலும். கணினி நிரல் எழுதுவோரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். ஆயின், அவர்தம் முதல் ஒப்புநோக்குபவர் பெரும்பாலும் ஓர் இயந்திரமே. அவ்வியந்திரத்துக்குப் பணி கற்பிக்குமாற்றை, நம் பழைய மாணவர்க்கும் இன்று பயில்வோர்க்கும் பயன்படும் வகையில், ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

பலர் கூடி எழுதும் நிரலையும் ஆவணத்தையும், ஒவ்வொரு மாற்றத்தின் வரலாற்றோடும் சேர்த்துக் காக்கும் இடமே களஞ்சியம் எனப்படும். அதற்குரிய ‘கிட்’ என்னும் கருவியை லினஸ் தோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் ஆக்கினார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, ஆழிப்பேரலையின் துயர் ஆறுமுன், இலங்கைத் தன்னார்வலர் கூடிச் ‘சகானா’ என்னும் இடர்கால நிரலை எழுதினர்; அது பின்னர்ப் பிறநாடுகளுக்கும் உதவியது. ஈழத்து நூல்களை இணையத்திற் காக்கும் ‘நூலகம்’ முயற்சி தோன்றியதும் அதே ஆண்டில்தான். பல கைகள் கூடிப் பணிசெய்தல் நம்மவர்க்குப் புதிதன்று.

இனி, நம் கல்லூரியின் பழைய மலர்களையெல்லாம் தட்டெழுதி, ‘கிட்ஹப்’ தளத்தில் ஒரு களஞ்சியமாக வைக்க எண்ணினோம் எனக் கொள்வோம். வெள்ளவத்தையில் ஒருவரும், கொட்டாஞ்சேனையில் ஒருவரும், ரொறன்ரோவில் ஒருவருமாகத் தட்டெழுதுவர். விசைப்பலகைகளும் மென்பொருள்களும் வெவ்வேறு. ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருவர் கருவி ஒரே குறியாகப் பதியும். மற்றவர் கருவி முன்னே ஒற்றைக் கொம்பும் பின்னே காலுமாக இரு குறிகளாகப் பதியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ எண்வரிசை வேறு. எனவே, எண்ணை எண்ணோடு மட்டும் ஒப்பிடும் தேடற்கருவியில் ‘கொட்டாஞ்சேனை’ எனத் தேடினால், ஒரு பாதி பக்கங்கள் அகப்படா. ஒரு பழைய மாணவரின் பெயர் மலரில் இருந்தும் தேடலில் வாராதாயின், அதனைத் தேடும் பேரப்பிள்ளைக்கு அப்பெயர் இல்லாததற்கு ஒப்பேயாம்.

ஒருங்குறி வகுத்தோர் இதனை அறிந்தே, இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் விதியையும் வகுத்துள்ளனர். ‘என்.எஃப்.சி.’ என்பது அவ்விதியாற் கிடைக்கும் சேர்ந்த வடிவத்தின் பெயர். பைதன் மொழியில் ‘யூனிகோட்டேட்டா’ என்னும் கூறு அதனைச் செய்து தரும். நம் சோதனை நிரல் பத்துப் பதினைந்து வரிகளில் அடங்கும்: ஒவ்வொரு கோப்பையும் வரிவரியாகப் படித்து, அவ்வரியின் சேர்ந்த வடிவத்தோடு ஒப்பிடுக, வேறுபடின் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் அச்சிடுக, ஒரு பிழையேனும் கண்டால் 1 என்னும் எண்ணோடும், காணாவிடின் 0 என்னும் எண்ணோடும் முடிக. இவ்விறுதி எண்தான் உயிர்நாடி. பிழையை அச்சிட்டுவிட்டு 0 என முடியும் நிரலை இயந்திரம் வெற்றியென்றே கொள்ளும்.

அடுத்து, இந்நிரலைத் தானாக இயக்கும் பணிமுறைக் கோப்பு. 2019 நவம்பரில் பொதுப்பயனுக்கு வந்த ‘கிட்ஹப் அக்ஷன்ஸ்’ சேவை இதற்கு இடந்தருகிறது. களஞ்சியத்தின் தலைவாயிலில், முன்னே ஒரு புள்ளியிட்டுக் ‘கிட்ஹப்’ என ஒரு கோப்புறையும், அதனுள் ‘வேர்க்ஃபுளோஸ்’ என மற்றொன்றும் அமைத்து, யாமல் வடிவில் ஒரு கோப்பை இடுக. அக்கோப்பு மூன்று வினாக்களுக்கு விடை கூறும். எப்பொழுது இயங்குவது? எவரேனும் மாற்றத்தை அனுப்பும்போதும், இணைக்குமாறு வேண்டும்போதும். எங்கே இயங்குவது? தளத்தார் தரும் உபுந்துக் கணினியில். என்ன செய்வது? களஞ்சியத்தைப் படியெடுத்துச் சோதனை நிரலை இயக்குவது. யாமலில் வரியின் உள்ளடங்கலை வெற்றிடங்களாலேயே காட்டல் வேண்டும்; தாவல் விசையால் இடுவது செல்லாது. பயில்வோர் முதலில் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். பணிமுறைக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். எழுதும் உரிமை ஈயற்க.

அமைத்தபின், வேண்டுமென்றே பிழையான ஒரு வரியை இட்டுச் சிவப்புக் குறி தோன்றுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அக்குறி தோன்றினும் இணைப்பவர் அதனைப் பொருட்படுத்தாது இணைத்துவிடக் கூடும். ஆதலின், இச்சோதனை தேறினாலன்றி முதன்மைக் கிளையில் எதுவும் சேரலாகாது எனக் களஞ்சியத்தின் அமைப்பில் விதித்தல் தகும்.

இத்துணையும் எளிது. இடர்ப்பாடு ஔகாரத்தில் இருக்கின்றது. ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமுமாகக் ‘கெளரவம்’ என்றும், ‘ஔவை’யை ‘ஒளவை’ என்றும் தட்டெழுதுவோர் பலர். சேர்ந்த வடிவ விதி இதனைத் திருத்தாது. ளகரம் தனி எழுத்தாதலின். அவ்வாறாயின், கொம்பையடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றுக என இயந்திரத்துக்குக் கட்டளையிட்டால் என்ன? நம் வெள்ளவத்தை ‘வௌ்ளவத்தை’ ஆகிவிடும்! இக்கோலத்தை இணையப் பக்கங்களிற் கண்டோர் பலர் இருப்பர். ‘கெளுத்தி’ மீனுக்கும் ‘ஒளி’க்கும் அதே கதிதான்.

ஆகவே, இரண்டையும் பிரித்து நடத்துவதே எம் கருத்து. ஔகாரக் குறியின் மேற் புள்ளி ஏறிவரின் அது எங்கும் பிழையே. அங்கே இயந்திரம் தடுக்கட்டும். ‘கெளரவம்’, ‘மெளனம்’, ‘ஒளவை’ போன்றவற்றுக்கு ஒரு சொற்பட்டியல் வைத்து, அவை வருமிடத்தை எச்சரிக்கையாக மட்டும் காட்டட்டும். முடிவைத் தமிழறிந்த ஒருவர் மூலத்தைப் பார்த்துச் செய்யட்டும். பழைய மலர்களிற் காணும் ‘ணை’, ‘லை’ முதலியவற்றின் பழைய உருவங்களைப் பற்றிக் கவலை வேண்டா. தமிழ்நாட்டரசு 1978இல் மாற்றியது வரிவடிவத்தையே. ஒருங்குறியில் இரண்டுக்கும் எண் ஒன்றுதான்.

அச்சொற்பட்டியலையும் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பாக வைத்துவிட்டால், நிரல் அறியாத மாணவரும் தாம் கண்ட பிழைவடிவத்தை வரிக்கு ஒன்றாக அதிற் சேர்த்துக்கொள்ளலாம்.