இலங்கை வெள்ளைக்கண்ணி: பரீட்சார்த்திகளுக்கான முக்கியக் குறிப்புகள்

பொது அறிவுக்கும் உயிரியலுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டிய பறவை இது. லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, நானுஓயா பக்கத்துப் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தும் படிக்கலாம்.

• விஞ்ஞானப் பெயர்: சொஸ்டெரொப்ஸ் சிலோனென்சிஸ். குடும்பம் சொஸ்டெரொபிடே, வருணம் பசரிஃபோர்மிஸ். மூன்று விரல் முன்னே, ஒரு விரல் பின்னே வைத்துக் கிளையைப் பற்றும் பெரிய வருணம் இதுதான். காகமும் இதே வருணம் என்பதை மறக்க வேண்டாம்.

• இலங்கைக்கே உரிய இனம். உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

• நீளம் சுமார் 11 செ.மீ. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் சேர்த்த கணக்கு இது.

• நிறம்: முதுகு மங்கிய கரும்பச்சை, தொண்டையும் வாலடியும் மஞ்சள், வயிறு சாம்பல் கலந்த வெள்ளை. ஆணையும் பெண்ணையும் பார்வையால் பிரிக்க முடியாது.

• பிரித்தறிதல் (கூடுதல் கவனம்): நாட்டில் இரண்டு வெள்ளைக்கண்ணிகள் உண்டு. மற்றது இந்திய வெள்ளைக்கண்ணி, சொஸ்டெரொப்ஸ் பால்பெப்ரோசஸ். இரண்டுக்கும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருப்பதால், "வெள்ளை வளையம் தெரிந்தது, ஆகவே இலங்கை இனம்" என்று எழுதினால் விடை பிழை. வளையத்தின் முன்பக்கத்தைப் பாருங்கள். அலகை ஒட்டிய இடத்தில் வளையம் அறுந்திருக்கும். அந்த இடைவெளி இலங்கை இனத்தில் அகலம், இந்திய இனத்தில் குறுகல். அடுத்தது முதுகு: இந்திய இனம் பளிச்சென்ற மஞ்சள்பச்சை, நம் மலை இனம் கறுத்த பச்சை. உடலிலும் நம்முடையது கொஞ்சம் பெரிது. தொலைநோக்கி இல்லாமல் வளைய இடைவெளியைக் காண்பது கஷ்டம்தான். அப்போது முதுகு நிறத்தையும் இடத்தின் உயரத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவுக்கு வரலாம்.

• உயரம்: மலைநாட்டில், குறிப்பாக 1,000 மீற்றருக்கு மேல், அதிகம் காண்பது இலங்கை இனம். தாழ்நிலத்தில் பெரும்பாலும் இந்திய இனம்.

• பிற குழப்பங்கள்: மாரிகாலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பச்சைக் கதிர்க்குருவியும் சிறியது, பச்சையானது. அதற்குக் கண்ணுக்கு மேல் புருவம் போன்ற கோடு உண்டு, வளையம் இல்லை. பூக்கொத்திக்கு இரண்டுமே இல்லை.

• தேட வேண்டிய இடம்: காட்டோரம், உயர்ந்த புதர், வீட்டுத்தோட்டம். லயத்துக்குப் பின்னாலுள்ள பூமரமும் சரி. இனப்பெருக்க காலம் நெருங்கும்வரை கூட்டமாகவே திரியும். பார்ப்பதற்கு முன்பே கீச்சொலி காதில் விழும்.

• உணவு: முக்கியமாகப் பூச்சிகள். பழமும் பூந்தேனும் உண்டு. நாக்கின் நுனி தூரிகைபோல் பிரிந்திருப்பதால் தேனை ஒற்றியெடுக்க முடிகிறது. "தேனை மட்டும் உண்ணும்" என்ற தெரிவு வந்தால் தள்ளிவிடுங்கள்.

• கூடு: புதரில் கிண்ண வடிவில். முட்டை 2, வெளிர் நீலம்.

• விவரித்தவர்: எட்மண்ட் ஹோல்ட்ஸ்வர்த், 1872. முத்துக்குளிப்பு ஆய்வுக்காக இலங்கைக்கு வந்தவர். கடலுக்காக வந்த மனிதர் மலைப்பறவைக்குப் பெயர் வைத்தது வேடிக்கைதான். இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியையும் அதே ஆண்டில் அவரே விவரித்தார். அதன் விஞ்ஞானப் பெயரிலுள்ள பிளை, ஒரு கோப்பித் தோட்டத்துரை. காலவரிசையை இப்படி வைத்துக்கொண்டால் மறக்காது: 1867 ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை, 1869 கோப்பியில் இலைத்துரு நோய், 1872 வெள்ளைக்கண்ணி. அதாவது பெயர் கிடைத்தபோது இந்த மலைகளில் கோப்பியே பெரும் பயிர்.

• பரிணாமம்: ஒரே தீவில், ஏறத்தாழ ஒரே உருவில் இருப்பதால் இரண்டு இனங்களும் அக்கா தங்கை என்று நினைக்கத் தோன்றும். 2017இல் பிளொஸ் ஒன் ஆய்விதழில் வந்த மரபணு ஆய்வு அதை மறுத்தது. இரண்டும் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில் தீவுக்கு வந்தவற்றின் வழித்தோன்றல்கள். இலங்கை இனம் சொஸ்டெரொப்ஸ் சாதியில் மிக முன்பே பிரிந்த கிளை. உருவ ஒற்றுமை நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது என்று விளக்கச் சொல்லும் வினாவுக்கு, பாடநூலில் உள்ள வெளிநாட்டு உதாரணத்தை விட இதை எழுதுவது மேல்.

• பெயர் மாற்றம்: பழைய நூல்களில் "கீழைத்தேய வெள்ளைக்கண்ணி" என்று வருவதும் பால்பெப்ரோசஸ்தான். அந்தப் பரந்த இனத்தைப் பிரித்த பிறகு நம் பக்கத்துக்கு "இந்திய" என்ற பெயர் வந்தது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் காண்பதும் இதுவே.

• பாதுகாப்பு நிலை: ஐ.யூ.சி.என். பட்டியலில் "குறைந்த கவலை". இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: ஒரு நாட்டுக்கே உரிய இனம் எல்லாம் அருகிவரும் இனம் அல்ல. மேலே சொன்ன சீழ்க்கைப் பூங்குருவி அச்சுறுத்தலுக்கு உள்ளானது, வெள்ளைக்கண்ணி அப்படியல்ல. இரண்டுமே இலங்கைக்கு உரியவை.

• தொடர்புடைய ஆண்டுகள்: வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 (2ஆம் இலக்கம்). ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா 1988. மத்திய மலைநாடு யுனெஸ்கோ உலக மரபுரிமை 2010. தேசியப் பறவை கேட்டால் விடை இலங்கைக் காட்டுக்கோழி.