பிளேவனாய்டுகளும் இரத்த நலமும்

ஒரு நாட்டின் உழைப்புத் திறன் அதன் மக்களின் இரத்த நலத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகைக்கு ஆளாகியிருந்தனர். கர்நாடகத்தில் இது ஏறத்தாழ 48 சதவீதம். எனவே, இரத்தத்திற்கு நன்மை பயப்பதாகப் பெரிதும் பேசப்படும் பிளேவனாய்டுகள் என்னும் தாவரச் சேர்மங்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்று அறிவது பயனுடையது.

இவை யாவை?

தேயிலை, வெங்காயம், ஆரஞ்சு முதலியவற்றில் இவை உள்ளன. பெங்களூரு வட்டாரத்தில் விளையும் ‘பெங்களூர் நீலம்’ திராட்சைக்குக் கருநீலம் தரும் ஆந்தோசயனினும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நுண்ணிய இரத்தக் குழாய்களின் கசிவை இவை தடுப்பதாகக் கருதிய ஹங்கேரிய அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, 1936இல் இவற்றை வைட்டமின் என்றே அழைத்தார். இவை குறைவதால் குறிப்பிட்ட நோய் எதுவும் தோன்றுவதில்லை என்பதால் அப்பெயர் பின்னர் கைவிடப்பட்டது.

குருதியோட்டத்திற்கு நன்மை

இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. அதனால் குழாய் தளர்ந்து விரிகிறது. கோகோ, தேயிலை ஆகியவற்றின் பிளேவனாய்டுகள் இச்செயலுக்குத் துணைபுரிகின்றன. இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்வது. தன்னினும் குறுகிய நுண்குழாய்களில் வளைந்து நெளிந்து செல்வது. ஆக்சிஜனேற்றத்தால் அதன் சவ்வு விறைப்படையாமல் பிளேவனாய்டுகள் காப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும், அச்சோதனைகளில் பயன்படும் அளவு பெரும்பாலும் உணவின் வழியே இரத்தத்தைச் சென்றடைவதில்லை.

மறுபக்கம்

சிவப்பணு உருவாக இரும்புச்சத்து இன்றியமையாதது. தேயிலையின் பாலிபீனால்கள் குடலில் இரும்புடன் பிணைந்து, அது உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கின்றன. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் தேசிய சுகாதார அறிவியல் கழக ஆய்வாளர்கள் இளம்பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், சோற்றுணவுடன் அருந்திய ஒரு கோப்பைத் தேநீர் இரும்பின் உட்கிரகிப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இரு கோப்பைகள் மூன்றில் இரு பங்கு குறைத்தன. மாறாக, வைட்டமின் சி அதனைப் பன்மடங்கு உயர்த்தியது. கர்நாடக மக்களின் முக்கிய உணவான கேழ்வரகின் மேல்தோலிலும் இத்தகைய பாலிபீனால்கள் உள்ளன. முளைகட்டி அரைத்தால் இத்தடை ஓரளவு குறைகிறது.

செய்ய வேண்டுவன

பிளேவனாய்டு குருதியோட்டத்திற்கு உதவலாம், குருதியை உண்டாக்குவதில்லை. பீட்ரூட், மாதுளை ஆகியவற்றின் செந்நிறம் இரும்பின் அடையாளமன்று. ஆதலின் தேநீரை ஒழிக்க வேண்டியதில்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்ளலாகாது. உணவோடு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை இவற்றுள் ஒன்றைச் சேர்த்தல் நன்று. 2018இல் தொடங்கப்பெற்ற இரத்தசோகையற்ற இந்தியா இயக்கத்தின்கீழ் மாத்திரை வழங்குவோர், அதனை எப்போது, எதனுடன் உண்பது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். செலவில்லாத இவ்வறிவுரை சென்று சேராவிடில், அரசு செலவிட்டு வழங்கும் இரும்பின் பெரும்பகுதி உடலில் சேராமலே வீணாகும்.