கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடையா?



நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும் சாலையோரத்தில் பெட்ரோல் பங்குகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பெட்ரோலும் டீசலும் மண்ணுக்கு அடியில் தொட்டிகளில் இருக்கின்றன. தொட்டி துருப்பிடித்தாலோ, குழாய் இணைப்பு விட்டாலோ எண்ணெய் கசியும். கசிவது மேலே தெரியாது. மண்ணில் இறங்கி, ஊற்றைத் தொட்டு, பக்கத்துக் கிணற்றுக்கு வந்து சேரும்.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் பூமிக்கு அடியில் சென்ற எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் கலந்தது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. அந்த மக்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தரும்படி இலங்கை உச்ச நீதிமன்றம் 2019-ல் உத்தரவிட்டது.

ஒரு வீட்டுப் பேச்சைக் கேளுங்கள்:

"ஏங்க, ரெண்டு நாளா கெணத்துத் தண்ணியில பெட்ரோல் வாடை அடிக்கி, பாத்தியளா?"

"மழை வெள்ளம் எறங்கினதா இருக்கும். கொதிக்க வச்சுக் குடிச்சாப் போதும்."

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு அத எப்படிக் குடிக்க?"

அந்த அம்மாள் கேட்டதுதான் சரி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். பெட்ரோலோ ஆவியாகி அடுக்களையில் நிறையும். மூச்சோடு உள்ளே போகும். பிளீச்சிங் பவுடரும் படிகாரமும் இதை நீக்காது. மழையில் ஊற்று மட்டம் உயரும்போது மண்ணில் தங்கிய எண்ணெயும் மேலே வரும். அதனால்தான் மழைக்குப் பின் வாடை கூடுகிறது.

என்ன கெடுதல்?

பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் உண்டு. நெடுநாள் உடம்பில் சேர்ந்தால் இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். இரத்தப் புற்றுநோயும் வரலாம். கர்ப்பிணியின் இரத்தத்திலிருந்து குழந்தைக்கும் போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் தண்ணீரும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 1 லட்சம் லிட்டர் இருக்கும். அதற்கு 1 கிராம் பென்சீன்தான் எல்லை! வாடை தெரியுமுன்பே இந்த எல்லை தாண்டியிருக்கலாம். "வாடை இல்லை, பயமில்லை" என்று இருந்துவிட வேண்டாம்.

தண்ணீர் மேல் பளபளக்கும் ஆடை தெரிந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்து ஆடை. உடைந்ததும் மறுபடி கூடினால் எண்ணெய். ஆனால் இது அடையாளம் மட்டுமே. முடிவு சொல்வது ஆய்வகம்.

பரிசோதனை எப்படி?

1. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனை உப்பு, கடினத்தன்மை, கிருமி ஆகியவற்றைப் பார்க்கும். "பெட்ரோல், பென்சீன் பார்க்க வேண்டும்" என்று தனியாகச் சொல்லுங்கள்.

2. ஆய்வகத்தார் வந்து எடுப்பது நல்லது. நாமே எடுக்க வேண்டி வந்தால் அவர்கள் தரும் கண்ணாடிக் குப்பியிலே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது.

3. அலம்பாமல் மெதுவாக, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். கவிழ்த்தால் காற்றுக் குமிழ் தெரியக்கூடாது. அந்தக் குமிழுக்குள் பென்சீன் ஆவியாகிவிடும்.

4. ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதமில்லாமல் ஒப்படையுங்கள்.

முடிவு வரும்வரை

அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, பிள்ளைகளைக் குளிப்பாட்டவோ வேண்டாம். பஞ்சாயத்துக் குடிநீரை வாங்குங்கள். கிணற்றருகே பீடி, தீக்குச்சி, விளக்கு கூடாது. மோட்டாரும் போட வேண்டாம். சுத்தம் செய்ய யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஆவியே ஆளை மயக்கிவிடும்.

அண்டை வீட்டாரிடமும் கேட்டு, வாடை வந்த தேதியைக் குறித்து வையுங்கள். நாகர்கோவிலிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும், ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். 2020-ல் வந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நெறிமுறைப்படி புதிய பங்குகள் குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

வாடையை முதலில் அறிவது தண்ணீர் கோரும் பெண்தான். அவள் சொல்லைக் கணவன் தட்டாமல் கேட்கட்டும். மனு எழுத இருவரும் சேர்ந்து போகட்டும். மேலும் விவரத்துக்குக் கிராம சுகாதாரச் செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேளுங்கள்.