தோலும் படுக்கையும் தொடும் இடத்தில்

“மெத்தை மென்மையாகத்தானே இருக்கிறது, பிறகு எப்படிப் படுக்கைப்புண் வந்தது?” நெடுநாள் படுத்திருக்கும் நோயாளியைப் பேணும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை பள்ளியில் நாம் கற்ற இயற்பியலில் உள்ளது. ஒன்றையொன்று தொடும் இரு பொருள்களுக்கிடையே விசை செயல்படுகிறது, வெப்பமும் கடக்கிறது. விசையும் வெப்பமும் சிறிதளவாயினும், நெடுநேரம் நீடித்தால் தோலுக்குத் தீங்கு விளையும்.

அழுத்தம்

ஒரே எடை சிறிய பரப்பில் இறங்கினால் அழுத்தம் மிகும். மல்லாந்து படுத்தவரின் எடை இடுப்பின் பின்புற எலும்பு, குதிகால், பின்னந்தலை போன்ற எலும்பு துருத்திய இடங்களில் குவிகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு. ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரச அளவே. வெளியழுத்தம் அதனை விஞ்சி நீடித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திசுக்கள் நலிவடையும்.

உடல்நலம் உடையவர் உறக்கத்திலும் தாமே புரண்டு படுக்கிறார். அது இயலாதவரை, வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாம்தான் திருப்பிவிட வேண்டும். முதுகுப்புறம் தலையணை கொடுத்து 30 பாகை அளவுக்குப் பக்கவாட்டில் சாய்த்தால் போதும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையைத் தொடாது. நடுவில் துளையுள்ள வளையத் தலையணை வேண்டாம். அது விளிம்பைச் சுற்றி அழுத்தத்தைக் கூட்டுகிறது.

உராய்வு

கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்தும்போது உடல் கீழ்நோக்கிச் சரிகிறது. உராய்வினால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் எலும்பு மட்டும் நகர்கிறது. இடையே உள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்குகின்றன. ஆகவே உணவு வேளையிலும் அதற்குப் பின் சற்று நேரமும் நிமிர்த்தி அமர்த்துங்கள். மற்ற நேரங்களில், மருத்துவர் வேறு விதமாகக் கூறாதவரை, 30 பாகைக்கு மேல் உயர்த்த வேண்டாம். நோயாளியை மேலே நகர்த்தும்போது கைகளைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் மடித்த விரிப்பை இட்டு, இருவராகத் தூக்கி நகர்த்துங்கள்.

வெப்பம்

ரெக்சின் உறை உடலின் வெப்பத்தையும் வியர்வையையும் வெளியேற விடுவதில்லை. ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி எளிதில் உரியும். மேலே பருத்தி விரிப்பு இட்டு, நனைந்தவுடன் மாற்றுங்கள்.

வெந்நீர்ப் பையிலும் கவனம் தேவை. வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் சென்றுகொண்டே இருக்கும். 44 டிகிரி செல்சியஸ் சூடு இதமாகத் தோன்றலாம். ஆனால் ஒரே இடத்தில் ஏறத்தாழ 6 மணி நேரம் படிந்திருந்தால் அதுவே தோலைச் சுட்டுவிடும். நீரிழிவாலோ பக்கவாதத்தாலோ உணர்ச்சி குன்றியவர் “சுடுகிறது” என்று சொல்லவும் மாட்டார். அவர்களுக்கு வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம்.

நாள்தோறும் பாருங்கள்

குளிப்பாட்டும்போது எலும்பு துருத்திய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தினால் அது வெளுத்து மீள வேண்டும். வெளுக்காவிட்டால் அதுவே புண்ணின் தொடக்கம். கருநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சூடு, தடிப்பு, வலி ஆகியவற்றைக் கவனியுங்கள். அவ்விடத்தைத் தேய்க்காதீர்கள், அதன்மேல் படுக்க வைக்காமல் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள்.

நன்கு பேணியும் சிலருக்குப் புண் வருவதுண்டு. குற்ற உணர்வால் அதனை மறைக்க வேண்டாம். தொடக்கத்திலேயே அறிந்தால் ஆற்றுவது எங்களுக்கு எளிது.