பீடித்தட்டும் டெலிவரி பையும்

கடையநல்லூர்ல திண்ணையில உட்கார்ந்து பீடி சுத்துற ஒரு அக்காகிட்ட "வேலைக்குப் போறீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. "இல்லப்பா, வீட்டுலதான் இருக்கேன்"னு சொல்வாங்க. கை மட்டும் நிக்காது. முறைசாரா வேலைன்னு நாம படிக்கிறது இதைத்தான்.

இது கைத்தறி ஊர். தறி வருமானம் போதாம ஆம்பளைங்க சிங்கப்பூர், மலேசியா, அப்புறம் வளைகுடான்னு கிளம்பினாங்க. (சிங்கப்பூர்ல கடையநல்லூர் பேர்லயே ஒரு சங்கம் இருக்குன்னா பார்த்துக்கோங்க.) ஊர்லயே இருந்த பெண்கள் நிறைய பேருக்குக் கிடைச்சது பீடி.

கடையில இலை, தூள், நூல் தருவாங்க. இலையை நனைச்சு, வெட்டி, சுத்தி, கட்டித் திருப்பிக் கொடுக்கணும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. இலை மோசமா இருந்தா எண்ணிக்கை குறையும். சரியில்லாத பீடியைக் கழிச்சிடுவாங்க. இலை கம்பெனியோடது, நஷ்டம் மட்டும் சுத்துறவங்களோடது! 'பீஸ் ரேட்'னு ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டுப் போறோமே, அது இதுதான்.

1966ல பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்துச்சு. ஆனாலும் வீட்டுல சுத்துறவங்களுக்கு பி.எஃப். கட்ட மாட்டோம்னு கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு. 1985ல பி.எம். பட்டேல் அண்ட் சன்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம், அவங்களும் தொழிலாளர்தான், பி.எஃப். உண்டுன்னு சொல்லிடுச்சு. அதுக்குச் சொன்ன காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: சரியில்லாத பீடியைத் தள்ளுற உரிமை கம்பெனிகிட்ட இருக்கு, அந்த உரிமையே மேற்பார்வைதான்.

இப்போ உங்க போனுக்கு வாங்க. ஸ்விக்கி, ஜொமாட்டோ பை தூக்குறவருக்கு 'பார்ட்னர்'னு பேரு. ஆர்டர் கணக்குல காசு. வண்டியும் பெட்ரோலும் அவரோடது. பீடியைத் தள்ளுறது மேற்பார்வைன்னா, ரேட்டிங் வேற என்ன? 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவங்களை 'கிக் தொழிலாளர்'னு சொல்லுது. கம்பெனி வருஷ டர்ன்ஓவர்ல 1 முதல் 2 சதவீதம் ஒரு நிதிக்குத் தரணும். நலநிதி சரி, ஆனா அது பி.எஃப். ஆகாது. திண்ணையில இருக்கிற அக்காவுக்கு 1985லயே கிடைச்ச 'தொழிலாளர்'ங்கிற பேரு, ஆப்ல ஓடுறவருக்கு இன்னும் இழுபறியாத்தான் இருக்கு.

அக்காமார் எல்லாருக்கும் பி.எஃப். வந்துடுச்சுன்னும் நினைக்காதீங்க. அடுத்தவங்க பாஸ்புக்ல சுத்துனா, உழைப்பு இவங்களோடது, கணக்கு அவங்களோடது. நமக்கும் பிளேஸ்மென்ட் நேரம். ஆஃபர் லெட்டர்ல சி.டி.சி.யை மட்டும் பார்க்காம, நம்மள 'எம்ப்ளாயி'ன்னு போட்டிருக்கா, 'கன்சல்டன்ட்'னு போட்டிருக்கா, அதையும் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க.