ஆறு வயதில் முளைக்கும் பல்

கழுகுமலையில் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்க வடமாவட்டங்களிலிருந்து வரும் நம்மவர் சிலர், வழியில் சங்கரன்கோவிலில் என் இல்லத்தில் சற்றுத் தங்கிச் செல்வதுண்டு. சென்ற ஆண்டு அவ்வாறு வந்த ஒரு குடும்பத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கன்னத்தைப் பிடித்தபடி உண்ணாமல் அமர்ந்திருந்தான். "பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும்" என்றார் பாட்டி. அச்சொற்களைக் கேட்டதும் எனக்கு உள்ளம் நடுங்கிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே சொற்களை நானே கூறியிருக்கிறேன்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. கடைவாய்ப் பல்வலியால் அழுத ஒரு சிறுமியின் தாயார் என்னிடம் வந்து வினவினார். ஆசிரியப் பயிற்சியில் உடல்நலப் பாடம் கற்றவள் என்ற துணிவில், அது விழும் பல்தான் என்றும், கிராம்பு வைத்தால் போதும் என்றும் கூறி அனுப்பினேன். ஈராண்டு கழித்து அப்பல்லைப் பிடுங்க நேர்ந்தது. அங்கே வேறு பல் முளைக்கவில்லை. அது நிலைப்பல்! சிறுமி இன்று நடுவயதுப் பெண்மணி. ஒரு பக்கமாகவே மென்று உண்ணுகிறார். என்னைக் கண்டால் இன்றும் அன்புடன் வணங்குகிறார்.

எனவே, இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதனை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். பால்பற்கள் மொத்தம் இருபது. மேலும் கீழுமாக, பக்கத்திற்கு ஐந்து. குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு வயதாகும்போது, அந்த ஐந்திற்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. விழுந்த பல்லுக்கு மாற்றாக வராததால் அதன் வரவைப் பெற்றோர் அறிவதில்லை. முன்பற்களின் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்; விழுந்த பல்லின் இடைவெளியையும் ஒன்றாகக் கொள்ளுங்கள். ஆறாவதாக நிற்பது நிலைப்பல். அது வாழ்நாள் முழுமைக்கும் உரியது; இழந்தால் மீண்டும் வாராது. அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உள்ளன. சிறுவர் கையிலுள்ள தூரிகையும் அவ்வளவு தொலைவு செல்வதில்லை. ஆகவேதான் முதலில் சொத்தையாவது பெரும்பாலும் அப்பல்லே. ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்கிவிடுதல் வேண்டும். பால்பல்லும் புறக்கணிக்கத் தக்கதன்று. பின்வரும் பல்லுக்கு அதுவே இடம் காத்து நிற்கிறது.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது? பல்லின்மேல் படியும் மெல்லிய படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பல்லின் தாதுக்களைக் கரைக்கிறது. உமிழ்நீர் அவற்றை மெல்ல மீட்டுத் தருகிறது. இடைவிடாது இனிப்பை மென்றுகொண்டிருந்தால் உமிழ்நீருக்கு அவகாசம் ஏது? கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டா என்று நான் கூறவில்லை. நாள் முழுதும் கொறிக்கவிடாமல் உணவோடு சேர்த்துக் கொடுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் பல்லுக்குத் தீங்கு செய்யா என்பது வெறும் நம்பிக்கை. உறங்கும் குழந்தையின் வாயில் இனிப்பிட்ட பால் புட்டியை வைப்பது எல்லாவற்றினும் கேடு.

கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கம் பற்களுக்கு நன்மையே செய்கிறது. இரவெல்லாம் வாய்க்கு ஓய்வு கிடைக்கிறது. ஆனால் உறக்கத்தில் உமிழ்நீர் குறையும். ஆதலால் மாலை உணவுக்குப் பின் கொப்பளிப்பதோடு நில்லாமல் துலக்கிவிட வேண்டும். இரவில் நீரும் அருந்தாதவர்கள் இதனைப் பொழுதோடு முடித்துக்கொள்ளலாம். "முனிவர்கள் பல் துலக்குவதில்லையே" என்று சில இளைஞர்கள் வேடிக்கையாகக் கேட்கின்றனர். அதந்த தாவனம் இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஒன்று. நாளொன்றுக்கு ஒருமுறை மட்டும், நின்றபடியே உண்ணுதலும் அவற்றுள் அடங்கும். அவற்றையும் கைக்கொண்டபின் இதனைப் பேசலாம் என்பேன்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பர். வேல் என்றது வேலமரத்தை. வேம்பென்று பலர் மயங்குகின்றனர். குச்சியின் நுனியை நன்கு மென்று நாராக்கித் துலக்கினால் பயனுண்டு. செங்கற்பொடி, கரி, கல்லுப்பு ஆகியவை பல்லைத் தேய்த்துவிடும். பற்பசையில் விலங்குப் பொருள் கலந்திருக்குமோ என்று ஐயுறுவோர் பச்சைப் புள்ளி இட்டதை வாங்கலாம். பன்றி மயிரால் ஆன தூரிகைகள் வழங்கிய காலம் ஒன்றிருந்தது. 1938இல் நைலான் இழை வந்தபின் அக்கவலை பெரும்பாலும் நீங்கிற்று.

புளோரைடு கலந்த பசை பல்லை உறுதியாக்குகிறது. மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு அரிசியளவும், அதற்குமேல் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். குடிநீரில் அதே புளோரைடு மிகுந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும், எலும்பும் கெடும். சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் இருப்பதை மருத்துவர்கள் 1937இலேயே எழுதினர். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் இதனால் பட்ட துன்பத்தைத் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்தது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் கிடைக்காவிடத்து ஒன்றரை வரை. நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகுவோர் அதனைச் சோதித்து அறிதல் நலம்.

இனி ஈறு. துலக்கும்போது குருதி கசிந்தால் பலர் அஞ்சித் துலக்குவதையே நிறுத்திவிடுகின்றனர். நானும் அவ்வாறே செய்து கீழ்ப்பற்கள் நான்கை இழந்தேன். படலம் இறுகிக் காறையாகி ஈறு வீங்குவதே பெரும்பாலும் கசிவுக்குக் காரணம். மென்மையான தூரிகையால் ஈற்றோரத்தை நாள்தோறும் துலக்கவும், காறையை மருத்துவரிடம் அகற்றிக்கொள்ளவும் வேண்டும். காறை எடுத்தால் பல் ஆடும் என்பது பிழை. முன்பே தளர்ந்த பல்லைக் காறை தாங்கியிருந்ததால் அவ்வாறு தோன்றுகிறது. நீரிழிவு உள்ளோர்க்கு ஈறு நோய் எளிதில் முற்றும். முற்றிய ஈறு நோயால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். கருவுற்ற மகளிர்க்கு ஈறு வீங்குவது இயல்பு. அக்காலத்திலும் மருத்துவம் செய்துகொள்ளலாம். பாக்கு வேண்டவே வேண்டா. புகையிலை சேராத பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகும்.

என் வயதினர்க்கு ஒரு சொல். இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு உண்ணும் மாத்திரைகளுள் சில வாயை உலர்த்தும். உலர்ந்த வாயில் ஈறு விலகிய வேர்ப்பகுதி விரைவில் சொத்தையாகும். பொய்ப்பல் அணிவோர் இரவில் அதனைக் கழற்றித் துலக்கிக் குளிர்ந்த நீரில் இடுக. வெந்நீரில் இட்டால் வடிவம் மாறிவிடும். பல்லே இல்லாதவரும் ஈற்றையும் நாவையும் துடைத்துக்கொள்ள வேண்டும். ஆறாத புண்ணோ வெண்படையோ இரண்டு வாரத்திற்கு மேல் இருந்தால் காட்டிவிடுங்கள்.

அச்சிறுவனை மறுநாளே பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். ஆறாம் பல்லேதான், சொத்தை வேருக்கு எட்டவில்லை, அடைத்து அனுப்பினார்கள்.