அழுத்தியும் மறையாத புள்ளிகள்

காய்ச்சலோடு பிள்ளையின் உடம்பில் புள்ளிகள் கண்டால், "அம்மைதானே" என்று வேப்பிலை தேடுவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் அது ஆபத்தில்லாத தடிப்புத்தான். ஆனால் மெனிங்கொக்கஸ் என்னும் பக்ரீரியா குருதியில் பரவினால், அரிதாக 'பேர்பியூரா ஃபுல்மினன்ஸ்' என்ற கொடிய உறைதல் நோய் உண்டாகலாம்.

குருதி தேவையின்றி உறையாமல் காப்பவற்றுள் ஒன்று 'புரதம் சி'. இத்தொற்றில் அது தீர்ந்துபோகிறது. நுண்ணிய குழாய்களில் குருதி உறைந்து அடைக்கிறது. உறைவதற்கு வேண்டிய பொருட்களும் அதிலேயே செலவாகிவிடுவதால் மறுபக்கம் தோலின் கீழ் குருதி கசிகிறது. சில மணி நேரத்தில் ஊதாப் புள்ளிகள் கறுத்துப் பரவும். உயிர் தப்பினாலும் விரல்களையோ கால்களையோ இழக்க நேரிடலாம்.

கண்ணாடிக் கிளாஸின் பக்கத்தைப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் உடனே அம்புலன்ஸை அழையுங்கள். எங்களைப் போன்ற குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுத்துக் காத்திருக்க வேண்டாம். எங்கள் தோல் நிறத்தில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் அண்ணம் இவற்றையும் பாருங்கள். புள்ளியே இல்லாவிட்டாலும், கை கால் குளிர்ந்து நோக, பிள்ளை எழுப்ப முடியாதபடி சோர்ந்து கிடந்தால் அதுவும் அவசரமே.

இங்கு பிரித்தானியாவில் கைக்குழந்தைகளுக்கு 'பி' வகைத் தடுப்பூசி 2015இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அது வழமையாகப் போடப்படவில்லை. 14 வயதளவில் பாடசாலையில் போடும் ஊசி ஏ, சி, டபிள்யூ, வை வகைகளுக்கு மட்டுமே.